கயிறு மாறிய பிறகு



இந்த ஆண்டு சாரல் நன்றாக இருக்கிறது. இரண்டு வாரமாக மெயினருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் குறையவில்லை. சீசன் என்றால் எங்கள் வீட்டில் விருந்தாளிகள் வராத நாள் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். 1988-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. பெண் கல்லூரியில் கடைசி வருடம்.

குளித்துவிட்டு வந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். பெண்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தபோது அவன் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சார், ஒண்ணு கேக்கணும். திட்டக் கூடாது."

"சொல்லுப்பா."

"ரேஸ் குதிரை ஒண்ணுல பங்கு வருது சார். பத்துப் பேர் சேர்ந்து வாங்குதோம். பங்குக்கு அஞ்சு லட்சம். நல்ல வம்சத்துக் குட்டியாம். பந்தயம் கட்டுறது மாதிரி இல்ல சார், இது முதலீடு. பத்துப் பேர் சேர்ந்தா நஷ்டமும் பத்தாப் பிரிஞ்சிரும்லா?"

அந்த அஞ்சு லட்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்பா வைத்துவிட்டுப் போன தோப்பில் தன் பங்கை விற்ற பணம் என்றான். பெண் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டிருக்கிறதாம். "அவளுக்குத் தெரியுமா?" என்று வீட்டுக்குள் கையைக் காட்டினேன். "இன்னும் சொல்லல சார்" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. "எழுதி அனுப்புதேன்" என்று மட்டும் சொன்னேன். வாயால் சொன்னால் கோபம் வந்துவிடும் என்று பயம். அந்தக் கோபத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். பெயர் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன், சம்மதித்தான். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். பொறுமையாகப் படியுங்கள்.

குதிரை வாங்கிய கதை என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மாணிக்கவாசகர். திருவாதவூரில் பிறந்து பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர். கடற்கரையில் நல்ல குதிரைகள் வந்து இறங்கியிருப்பதாகச் செய்தி வருகிறது. அரசன் கருவூலத்தைத் திறந்து பொன்னைக் கொடுத்து வாங்கி வரச் சொல்கிறான். போகிற வழியில் திருப்பெருந்துறையில், இன்றைய ஆவுடையார்கோயிலில், குருந்த மரத்தடியில் குருவைக் காண்கிறார். கொண்டு போன பணம் முழுவதும் கோயில் பணிக்குப் போய்விடுகிறது. பிறகு நரிகள் பரிகளாகி மதுரைக்கு வருவதும், இரவில் மறுபடி நரிகளாகி ஊளையிட்டு ஓடுவதும் உங்களுக்குத் தெரியும். ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அந்த லீலை மதுரையில் நடக்கிறது.

அந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடுகிற ஓர் இடம் உண்டு. குதிரை வணிகராக வந்த சிவபெருமான், குதிரைகளை அரசனிடம் ஒப்படைக்கும்போது 'கயிறு மாறுதல்' என்ற சடங்கைச் செய்கிறார். விற்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்குக் கயிறு போய்விட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்குப் பிறகு குதிரைக்கு என்ன நேர்ந்தாலும் விற்றவன் பொறுப்பில்லை. நம்மூர் மாட்டுச் சந்தையிலும் கயிறு பற்றிய வழக்கங்கள் உண்டு, பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பாண்டியன் கயிற்றை வாங்கிய அன்றிரவே குதிரைகள் நரிகளாகிவிட்டன. விற்றவரைத் தேடினால் ஆளைக் காணோம். நடுவில் நின்ற வாதவூரர் வெயிலில் நிறுத்தித் தண்டிக்கப்பட்டார்.

பக்திக் கதையாக அதன் பொருள் வேறு. வியாபாரக் கதையாகப் படித்தால் ஒரே கேள்விதான்: கயிறு மாறிய பிறகு நஷ்டம் யாருக்கு? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நம் ஊரிலிருந்தே புறப்படுவோம்.

குற்றாலத்தில் நம் தலையில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது? ஆறாம் வகுப்பில் கேட்ட கேள்விதான். சிற்றாறாகத் தென்காசி வழியாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. அந்த முகத்துவாரத்துப் பக்கம்தான் பழையகாயல். இன்று உப்பளமும் தோப்புமாக இருக்கிற சிறிய ஊர். 1290-களில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தபோது அது பெரிய துறைமுகம். ஹோர்முஸ், கிஷ், ஏடன் போன்ற இடங்களிலிருந்து கப்பல்கள் குதிரைகளோடும் மற்றச் சரக்குகளோடும் அங்கே வந்து நின்றன என்று அவர் எழுதியிருக்கிறார். அவர் குறிப்பிட்ட காயல் இந்தப் பழையகாயல்தான் என்று அடையாளம் காட்டியவர் நம் இடையன்குடி கால்டுவெல் பாதிரியார். அங்கே சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்ததையும் எழுதி வைத்திருக்கிறார்.

பாண்டியர்களுக்கு ஏன் வெளிநாட்டுக் குதிரை வேண்டும்? நம் நாட்டுச் சீதோஷ்ணத்துக்கு நல்ல குதிரை பிறந்து வளர்வதில்லை. உயர்ந்த ஜாதிப் பெட்டையையும் ஆணையும் சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டிதான் பிறக்கிறது என்று மார்க்கோ போலோ சொல்கிறார். குதிரைப் படை இல்லாமல் அந்தக் காலத்தில் அரசாட்சி நடக்காது. ஆகவே ஆண்டுதோறும் வாங்கியே தீர வேண்டும். அரசன் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்பது அவர் கணக்கு. பயணிகள் சொல்லும் எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் காரணம் முக்கியமானது. இங்கே குதிரைக்கு வைத்தியம் பார்க்கவும் லாடம் அடிக்கவும் தெரிந்தவர்கள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இங்கே வந்து குடியேறவும் வணிகர்கள் விடுவதில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்!

இதைவிடத் துல்லியமான கணக்கு பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியதில் இருக்கிறது. அவரும் ஏறக்குறைய அதே காலத்தவர். கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் தம் சொந்த லாயத்திலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரைகளை மாபாருக்கு அனுப்புவதாக ஒப்பந்தம். மாபார் என்பது நம் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு அரபுக்காரர்கள் வைத்த பெயர். அந்த ஜமாலுத்தீனின் தம்பி தகியுத்தீன் பாண்டிய மன்னரிடமே அமைச்சராக இருந்தவர். காயல் துறைமுகமும் அவர் பொறுப்பில் இருந்தது. அண்ணன் விற்பவர், தம்பி வாங்குபவர் பக்கத்து அதிகாரி! விலை, குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார்.

ஒரு தினாரை 4 கிராம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 880 கிராம், அதாவது 110 பவுன். ஒரு குதிரைக்கு! இன்று நம் வீடுகளில் 110 பவுன் போட்டுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்க எத்தனை பேரால் முடியும்? மாபாருக்கும் குஜராத்தின் காம்பே முதலான மற்றத் துறைமுகங்களுக்கும் சேர்த்து ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின என்றும், அவற்றின் மதிப்பு 22 லட்சம் தினார் என்றும் வஸ்ஸாஃப் சொல்கிறார்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வரும் வழியில் கடலில் குதிரைக்குக் காயம் பட்டாலும், செத்தே போனாலும், அதன் விலையைப் பாண்டியனின் கருவூலம் கொடுத்துவிட வேண்டும். அதாவது, கயிறு மாறுவதற்கு முன்பே நஷ்டம் மாறிவிட்டது. கண்ணால் பார்க்காத, கரைக்கே வராத குதிரைக்கும் 110 பவுன். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கோயில் நிலங்களின் உபரி வருமானத்திலிருந்தும், கோயிலைச் சேர்ந்த பெண்கள் மேல் போட்ட வரியிலிருந்தும் என்று அதே வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை ஏறியது அரசன். விலை கொடுத்தது வேறு யாரோ.

வந்து சேர்ந்த குதிரையின் கதி என்ன? கயிற்றால் கட்டி, முளையடித்து நிறுத்தி, நாற்பது நாள் வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு எந்தப் பழக்கமும் கொடுக்காமல் ஏறி உட்கார்ந்து ஓட்டுவார்களாம். கொஞ்ச நாளில் அது மெலிந்து ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும். பாசத்தில் குறைவில்லை, நெய்யும் பாலும் கொடுத்திருக்கிறார்கள். பராமரிக்கத் தெரியாதவன் கையில் பணம் மட்டும் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

இது பாண்டியரோடு முடிந்துவிடவில்லை. விஜயநகரத்தில் 1530-களில் இருந்த போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் பெர்னாவோ நூனிஸ், அதற்கு முன் ஆண்ட சாளுவ நரசிம்மனைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறார். அந்த அரசன் உயிருள்ள குதிரையையும் செத்த குதிரையையும் ஒரே விலைக்கு வாங்கினானாம். கடலில் செத்துப்போன குதிரைக்கு அதன் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், பணம் கிடைத்துவிடும்! வகுப்பில் இதைச் சொல்லும்போது நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். 'சார், வால் கதை சொல்லுங்க' என்று அடுத்த வகுப்புக்காரர்கள் கேட்டு வருவார்கள். அரசனை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். அப்படி உறுதி கொடுத்தால்தான் வணிகர்கள் துணிந்து கப்பலில் ஏற்றுவார்கள், எதிரி அரசனுக்குக் குதிரை போகாமல் தமக்கு வரும். அவனுக்கு ஓர் அரசியல் தேவை இருந்தது, அதற்கு விலை கொடுத்தான். நமக்கு அந்தத் தேவை இருக்கிறதா என்பதுதான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது.

காயல் துறைமுகம் என்ன ஆனது என்று ஒரு வரி. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் முதலில் கொற்கை கடலைவிட்டு விலகியது, பிறகு காயலும் தூர்ந்தது. அந்த வண்டலில் நம் சிற்றாற்று மண்ணும் உண்டு.

காயலுக்கு வந்த அதே அரபுக் குதிரைதான் பந்தயக் குதிரைக்கும் மூதாதை. 1704-இல் சிரியாவின் அலெப்போ நகரத்திலிருந்து டார்லி என்ற ஆங்கிலேயர் ஓர் அரபுக் குதிரையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது, பயர்லி துருக்கி, கோடால்பின் அரபு என்ற மூன்று ஆண்குதிரைகளிலிருந்துதான் இன்று உலகம் முழுவதும் ஓடுகிற தரோபிரட் இனத்தின் தந்தைவழி எல்லாம் தொடங்குகிறது. 'நல்ல வம்சத்துக் குட்டி' என்று மாணவன் சொன்னானே, அந்த வம்சப் பதிவேடு அப்படி ஆரம்பித்தது. அந்த மூன்று பெயரும் எல்லாக் குட்டிகளுக்கும் மூதாதைதான், தோற்ற குட்டிகளுக்கும் சேர்த்து.

சென்னை கிண்டியில் 1777-லேயே குதிரைப் பந்தயம் தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. முதலில் வெள்ளைக்கார அதிகாரிகளின் பொழுதுபோக்கு. பிறகு ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் செட்டிநாட்டுப் பிரபுக்களும் குதிரை வைத்திருப்பதைக் கௌரவமாக நினைத்தார்கள். செட்டிநாட்டு அரச குடும்பத்து எம்.ஏ.எம். ராமசாமி அவர்கள் 600-க்கும் மேற்பட்ட கிளாசிக் பந்தயங்களில் வென்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றார் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2015-இல் காலமானார். 'அவர் ஜெயிக்கவில்லையா?' என்று யாரும் கேட்கலாம். ஜெயித்தார். ஒரே சமயத்தில் பல குதிரைகளை வைத்துக் காப்பாற்றும் வசதி அவருக்கு இருந்தது. பத்துக் குதிரை தோற்றாலும் பதினோராவது குதிரைக்காகக் காத்திருக்க முடிந்தது. ஒரு குதிரையில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவனுக்குக் காத்திருக்க வேறு குதிரை கிடையாது.

பந்தயத்தால் அழிந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. கிளப் நீதிமன்றம் போனது. உச்ச நீதிமன்றத்தின் தடையுத்தரவால் பந்தயம் தொடர்ந்தது. 1986-இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. கடைசியில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது, ஆகவே சூதாட்டச் சட்டத்துக்குள் வராது. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது என்றது.

இந்தத் தீர்ப்பைத்தான் பங்கு விற்பவர்கள் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 'திறமை விளையாட்டு என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.' சரிதான். ஆனால் யாருடைய திறமை? குதிரையை வளர்த்தவர், பழக்கிய டிரெய்னர், ஓட்டுகிற ஜாக்கி, குதிரையின் ஓட்டத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்துப் படித்தவர் ஆகியோரின் திறமை. பங்கு வாங்குகிறவன் அந்த வரிசையில் எங்கே நிற்கிறான்? ரசீதில் நிற்கிறான், அவ்வளவுதான். சட்டத்தில் சூது இல்லை என்றால் நஷ்டம் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

கிளப்களும் நிரந்தரம் இல்லை. வாடகை பாக்கிப் பிரச்சினையில் 2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும், அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி நிலத்தையும் அரசு தன் வசம் எடுத்தது. வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போயின. களத்துக்கே இப்படி என்றால், அதில் ஓடும் குதிரையில் பத்தில் ஒரு பங்கு எம்மாத்திரம்?

இனி, பங்கு என்றால் என்ன என்று பார்ப்போம். குட்டியை வாங்குவது ஒரு தடவைச் செலவு. அதற்குப் பிறகு மாதாமாதம் டிரெய்னருக்குக் கட்டணம், தீவனம், சைஸ் என்கிற குதிரைக்காரருக்குச் சம்பளம், லாடம், வைத்தியம், பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் கட்டணம், ஊர்விட்டு ஊர் கொண்டுபோக லாரி. குதிரை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தின்னும். இரண்டு வயதில் பந்தயத்துக்கு வருகிறது. டெர்பி போன்ற பெரிய பந்தயங்கள் குறிப்பிட்ட ஒரு வயதுக் குதிரைகளுக்கு மட்டும். அதாவது ஆயுளில் ஒரே ஒரு வருடம். அந்த வருடம் கால் நரம்பு வீங்கிப் படுத்துவிட்டால் அடுத்த வருடம் எழுதிக்கொள்ள அரியர்ஸ் பரீட்சை கிடையாது. வென்றால் கிடைக்கும் பரிசிலும் டிரெய்னர், ஜாக்கி பங்கு போகத்தான் மீதி உரிமையாளர்களுக்கு. அந்த மீதிதான் பத்தாகப் பிரியும்.

'நஷ்டமும் பத்தாகப் பிரியும்' என்றான் என் மாணவன். பிரியுமா? இப்போது என் குடும்பக் கதையைச் சொல்கிறேன். உறவினர்களில் சிலருக்கு இது தெரியாது. தெரிந்த பெரியவர்கள் இதை எழுதியதற்காக என்னை மன்னிக்க வேண்டும்.

என் தாய்மாமா செங்கோட்டையில் மரக்கடை வைத்திருந்தார். வியாபார விஷயமாக கொல்லம் மெயிலில் மதராஸ் போய் வருவார். அங்கே பழகிய சிநேகிதர் ஒருவர் அவரைக் கிண்டிக்கு அழைத்துப் போனார். மாமா பந்தயம் கட்டுகிறவர் இல்லை. பீடி, வெற்றிலைகூடக் கிடையாது. ஆனால் குதிரையைக் கண்டதும் ஆசை வந்துவிட்டது. 1966-இல் நான்கு பேர் சேர்ந்து ஒரு பெண்குட்டியை வாங்கினார்கள். மாமாவுக்குக் கால் பங்கு. ஊருக்கு வந்து என்னிடம்தான் முதலில் சொன்னார். எனக்கு அப்போது பதினைந்து வயது.

"எலே மருமவனே, நம்ம குட்டி ஓடுறதப் பாத்தேன்னு வையி, மெயினருவி விழுற மாதிரி இருக்கும்ல!"

அந்தக் குட்டிக்கு ஏதோ ஒரு ஆங்கிலப் பெயர். மாமா வாயில் அது வராது. எப்போதும் 'நம்ம குட்டி'தான். அதன் போட்டோ ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அத்தைக்குக் காட்டவில்லை.

குட்டி இரண்டே பந்தயம் ஓடியது. மூன்றாவது வருவதற்குள் பயிற்சியில் முன்னங்காலில் அடிபட்டுவிட்டது. ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்றார்கள். ஓய்விலும் தீவனம் உண்டு, வைத்தியம் உண்டு. ஆறு மாதத்தில் கூட்டாளிகளில் ஒருவர் பணம் அனுப்புவதை நிறுத்தினார். பிறகு இன்னொருவர். கடிதத்துக்குப் பதில் இல்லை. மாமா கையெழுத்துப் போட்டிருந்த தாளில் கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று இருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அவர் படிக்கவில்லை. படித்துக் காட்டச் சொல்லி யாரிடமும் கேட்கவும் இல்லை. லாபம் நான்காகப் பிரியும் என்று நம்பிப் போனவர், நஷ்டத்தில் தனியாக நின்றார். அவருக்கு நாணயம் பெரிது. கடிதம் வரும்போதெல்லாம் பணம் அனுப்பினார்.

இலஞ்சியில் ஒரு கோட்டை விதைப்பாடு வயல் அத்தை சீதனமாகக் கொண்டுவந்தது. 1968-இல் அதை விற்கக் கையெழுத்து வேண்டும் என்று கேட்ட அன்றுதான் அத்தைக்கு விஷயமே தெரிந்தது. அத்தை கத்தவில்லை. போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாளாம். "நல்லாத்தான் இருக்கு. எங்கிட்ட முன்னாலயே காட்டியிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாளாம். கையெழுத்தும் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மாமா மதராஸ் போகவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று குறைந்துபோனது. பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், வயல் போனதைவிட அது பெரிய நஷ்டம்.

குட்டி என்ன ஆனது? மாமாவுக்குக் கடைசிவரை தெரியாது. விற்றுவிட்டதாக ஒரு கடிதம் வந்தது, யாருக்கு என்று அதில் இல்லை. சாகும் வருடம்கூட என்னிடம் கேட்டார்: "அது எங்க போயிருக்கும்ல? சோறு தண்ணி கிடைச்சிருக்குமா?"

பின்னாளில் ஒரு செய்தி படித்து அவரை நினைத்துக்கொண்டேன். புனேயில் பூனாவாலா குடும்பத்தார் பந்தயக் குதிரைப் பண்ணை வைத்திருந்தார்கள். ஓடி ஓய்ந்த குதிரைகளை மும்பை ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்துவந்தார்கள். அங்கே அவற்றின் இரத்தத்திலிருந்து சீரம் எடுத்தார்கள். நாமே ஏன் செய்யக்கூடாது என்று சைரஸ் பூனாவாலா 1966-இல் தொடங்கியதுதான் சீரம் இன்ஸ்டிடியூட். கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். பாம்புக்கடிக்கான மருந்தும் குதிரையின் இரத்தத்திலிருந்துதான் வருகிறது. விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுக்கிறார்கள். வயலும் மலையுமான நம் பக்கத்தில் அந்த ஊசியால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். என் வகுப்பிலேயே ஒருவன் இருந்தான். நம்ம குட்டியும் அப்படி எங்காவது உதவியிருக்கும் என்று மாமாவிடம் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு அது தெரியாது.

மாணவனே, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். குதிரை ஜெயிக்குமா என்று என்னைக் கேட்காதே. அது குதிரைக்கே தெரியாது. இந்த நான்கையும் நீ கேட்டுப் பார்.

1. ஒப்பந்தத் தாளை நீ முழுக்கப் படித்தாயா? மற்ற ஒன்பது பேரில் யாராவது பணம் கட்டாவிட்டால் அந்தப் பங்கு யார் தலையில் விழும்?

2. குதிரை ஒரு பந்தயம்கூட ஓடாவிட்டால், எத்தனை மாதம் உன்னால் தீவனச் செலவு கொடுக்க முடியும்? எந்த நாளில் வெளியே வரலாம், எப்படி வரலாம் என்று எழுதியிருக்கிறதா?

3. செத்தால், ஊனமானால் காப்பீடு உண்டா? ஓடி முடித்த பிறகு அந்த வாயில்லா ஜீவனை யார் வைத்துக் காப்பாற்றுவது?

4. நீ கொடுக்கப்போகும் பணம் யாருடையது?

முதல் மூன்றுக்கும் நல்ல வக்கீலோ, குதிரை வைத்திருக்கும் அனுபவசாலியோ பதில் சொல்லிவிடுவார்கள். நான்காவதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். பாண்டியன் கோயில் வருமானத்தைக் கொண்டு குதிரை வாங்கினான். மாமா அத்தையின் வயலைக் கொண்டு வாங்கினார். உன் அஞ்சு லட்சம், உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கு உன் அப்பாவின் தோப்பு கொடுத்த பணம்.

குதிரை மேல் ஆசை வைப்பது தப்பில்லை. மாமாவின் முகத்தில் அந்த நாட்களில் பார்த்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. போனாலும் போகட்டும் என்று சொல்லும்படி உன் சொந்தச் சேமிப்பு இருந்தால், வீட்டிலும் அதைச் சொல்லிவிட்டு, தாராளமாக வாங்கு. அதை முதலீடு என்று சொல்லாதே, ஆசை என்று சொல். அப்போது கணக்கும் சரியாக இருக்கும், மனசும் சரியாக இருக்கும். அந்தக் குட்டி ஓடும் நாளில் எனக்கும் ஒரு போன் போடு, டி.வி.யில் பார்க்கிறேன்.

ஆனால் கயிற்றைக் கையில் வாங்குவதற்கு முன்னால் குட்டியின் போட்டோவை உன் மனைவியிடம் காட்டிவிடு.

பதிவு நீண்டுவிட்டது. பழைய வழக்கம், மணி அடித்தாலும் நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். பழையகாயல், ஆவுடையார்கோயில் பக்கம் போயிருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். சீசனுக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு வராமல் போகாதீர்கள்.